ஐந்து ஏக்கருக்கு முப்பது குடும்பம்

மன்னார்குடி பக்கம் ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு போகம் சம்பா, சிஆர் 1009 ரக நெல். உரம், மருந்து எல்லாம் போட்டு ஏக்கருக்கு 35 மூட்டை காண்கிறார் (அறுபது கிலோ மூட்டைக் கணக்கு). நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடுகிறார். அடுத்த சம்பாவிலிருந்து ஐந்து ஏக்கரையும் இயற்கைக்கு மாற்ற எண்ணம். மகசூல் எவ்வளவு குறையும், கடைசியில் கையில் நிற்கிற காசு கூடுமா குறையுமா என்பது கேள்வி. "அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே சிஆர் 1009-ஐ இயற்கையில் போட்டு, அதே கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் உங்களுக்குக் கைநஷ்டம்தான்; அப்பா சொல்வது சரி. பாரம்பரிய ரகம் போட்டு, அரிசியாக்கி, சாப்பிடுகிற வீட்டுக்கே கொடுக்க முடிந்தால் இப்போது நிற்பதைவிடக் கூடவே நிற்கும். அப்போது நீங்கள் சொல்வது சரி. இரண்டு பேரும் வேறு வேறு கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான் நீடாமங்கலம் பக்கம் நாலு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) இயற்கையிலும் மீதியை உரத்திலுமாக வைத்து ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஊரில் நடக்கிற பேச்சில் எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும். "இயற்கையில் இருபது மூட்டை தாண்டாது" என்பவர் யாரோ ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய ரகம் போட்ட வயலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். எதிரில் அவர் வைக்கிற கணக்கு உரம் போட்ட சிஆர் 1009-உடையது. இதில் ரகமும் மாறியிருக்கிறது, முறையும் மாறியிருக்கிறது. குறைந்த மூட்டையில் எது ரகத்தால் போனது, எது உரம் போடாததால் போனது? பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் இயற்கை விவசாயத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மூன்று மூட்டை யூரியா போட்டுப் பாருங்கள், 35 மூட்டை காணாது. நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து, கதிர் வந்த பிறகு காற்றடித்தால் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். 1966-ல் வந்த ஐஆர் 8-இலிருந்து தொடங்கிய குட்டை ரகங்களின் சூட்சுமமே இதுதான். தண்டு குட்டை, போடுகிற தழைச்சத்தை (நைட்ரஜன்) வைக்கோலாக வளர்க்காமல் மணியாக மாற்றும், சாயாது. பழைய ரகங்கள் உரம் கண்டுபிடிப்பதற்கு முந்தைய மண்ணுக்காக நம் முன்னோர் பொறுக்கி எடுத்தவை. அதிகம் கொடுத்தாலும் வாங்கத் தெரியாது. கொஞ்சமாகக் கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது.

அதனால் முதலில் ரகத்தை மாற்றாமல், முறையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். உலகம் முழுக்க இதை அளந்திருக்கிறார்கள். 2012-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, எல்லாப் பயிரையும் சேர்த்துப் பார்த்தால் இயற்கை மகசூல் சராசரியாக 25 சதவீதம் குறைவு என்றது. பயிரையும் மண்ணையும் பொறுத்து அது 5 முதல் 34 வரை போகிறது. 2015-ல் வந்த இன்னொன்று 19 சதவீதம் என்றது. பயிர்ச்சுழற்சியும் கலப்புப் பயிரும் ஒழுங்காகச் செய்த இடங்களில் அது 8, 9 சதவீதமாகச் சுருங்கியது என்றும் சொன்னது. சுவிட்சர்லாந்தில் 1978-இலிருந்து ஒரே வயலில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துகிறார்கள். 21 வருடக் கணக்கை 2002-ல் வெளியிட்டபோது மகசூல் 20 சதவீதம் குறைவு, ஆனால் உள்ளே போன உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைவு என்று வந்தது.

இதில் நமக்கு வேண்டியது நெல். 2012-லேயே வந்த மற்றொரு தொகுப்பில் பயிர்வாரியாகப் பிரித்திருந்தார்கள். உரத்தில் 100 கிலோ விளைகிற இடத்தில், இயற்கையில் கோதுமை 73, பார்லி 69, ஆனால் நெல் 94. நெல்லுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்றால், நிற்கிற தண்ணீர்தான். தண்ணீர் தேங்கிய சேற்றில் நீலப்பச்சைப் பாசியும் நுண்ணுயிர்களும் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொஞ்சம் தந்துகொண்டே இருக்கும். களையும் தண்ணீரில் அமுங்கும். ஒன்றுமே போடாமல் விட்டாலும் நெல் வயல் நம்மை ஒரேயடியாகப் பட்டினி போடாது. கோதுமை வயல் போட்டுவிடும். இருந்தாலும் 94 என்பதை அப்படியே நம் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். பல வருடம் பழகிய நிலங்களும், நல்ல எருவும், கவனமான ஆட்களும் உள்ள இடங்களின் கணக்கு அது. டெல்டாவில் நன்றாகச் செய்கிறவர்களுக்கு அதே ரகத்தில் 15 முதல் 25 சதவீதம் குறைகிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. மாறுகிற முதல் இரண்டு வருடம் அதைவிட மோசமாகவும் போகும். எனக்கு முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு போனது.

ஏன் போகிறது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூச்சி, நோய் என்று எல்லாரும் பயப்படுவார்கள். என் அனுபவத்தில் மகசூலைத் தின்பது பூச்சி இல்லை, தழைச்சத்துப் பற்றாக்குறை.

வேளாண் பல்கலைக்கழகம் டெல்டாவின் மத்திய, நீண்டகால ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து சொல்கிறது. ஏக்கருக்கு அறுபது கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் கிட்டத்தட்ட 20 கிலோ தழைச்சத்து இருக்கும். அதாவது மூன்று மூட்டை. மூட்டை 266 ரூபாய் 50 காசு. எண்ணூறு ரூபாயில் வேலை முடிந்தது. இதையே தொழு உரத்தில் கொடுக்க வேண்டுமென்றால்? நல்ல தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து. அறுபது கிலோவுக்குப் பன்னிரண்டு டன் வேண்டும். டிராக்டர் டிப்பரில் நாலைந்து நடை. அதிலும் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான். மீதி அடுத்தடுத்த வருடங்களுக்கு. ஒரு மாட்டின் சாணம் வருடம் முழுக்கச் சேர்த்து மக்க வைத்தால் இரண்டு மூன்று டன் தேறும். ஆக ஏக்கருக்கு நாலைந்து மாடு. உங்கள் ஐந்து ஏக்கருக்குக் கொட்டகையில் இருபது உருப்படிக்கு மேல் கட்ட வேண்டும். ஊரில் மொத்தமாகவே அத்தனை இருக்கிறதா?

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-லிருந்து ஒரே வயலில் கோதுமை போட்டு அளந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே தொழு உரம் மட்டும் போட்ட பாத்தி உரம் போட்ட பாத்திக்குச் சளைக்காமல் விளைந்திருக்கிறது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். அந்தப் பாத்திக்கு வருடா வருடம் எக்டேருக்கு 35 டன் எரு போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏக்கருக்கு 14 டன்.

"ஜீவாமிர்தம் விடுகிறேனே, பஞ்சகவ்யம் அடிக்கிறேனே" என்பீர்கள். நானும் விடுகிறேன், பயிரில் ஒரு பளபளப்பு தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதை உரம் என்று நினைத்து ஏமாறக் கூடாது. இருநூறு லிட்டர் ஜீவாமிர்தத்தில் போவது பத்து கிலோ சாணம், ஐந்து பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ பயறு மாவு, வெல்லம். எல்லாவற்றிலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் கால் கிலோ தேறாது. பயிருக்கு வேண்டியது அறுபது கிலோ. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற சத்தை எடுத்துக் கொடுக்க நுண்ணுயிர் உதவும், சரி. இருப்பே இல்லாத பானையில் அகப்பையை எவ்வளவு துழாவி என்ன?

டெல்டாவில் இதற்கு உருப்படியான வழி ஒன்றுதான்: தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிர். சம்பாவுக்கு இது அழகாகப் பொருந்தும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் வருகிற சமயத்தில் ஏக்கருக்கு இருபது கிலோ விதையைத் தெளித்துவிட்டால், நாற்பத்தைந்து நாளில் இடுப்பு உயரம் வந்து பூ எடுக்கத் தொடங்கும். அப்போது மடக்கி உழுதால் 25, 30 கிலோ தழைச்சத்து மண்ணுக்குள் போகும். மணிலா அகத்தி, சணப்பு, கொளிஞ்சி எதுவானாலும் இதே வேலைதான். அறுவடைக்கு முன்னால் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துத் தரிசில் எடுத்தால் அதுவும் கொஞ்சம் சேர்க்கும். இதோடு இரண்டு மூன்று டன் தொழு உரம், கொஞ்சம் புண்ணாக்கு. மண் தானாகத் தருவதும் சேர்ந்து, அறுபதுக்குப் பக்கத்தில் போகாவிட்டாலும் எண்பது சதவீத மகசூலுக்கு அது போதும்.

இன்னொரு விஷயம். எருவில், பசுந்தாளில் உள்ள சத்து மெல்ல மெல்லத்தான் கரையும். யூரியா மாதிரி மூன்றாம் நாளே இலை கறுக்காது. அதனால் 105, 110 நாளில் முடிகிற குறுவைக்கு இயற்கை முறை எட்டாக்கனி மாதிரி. பயிர் கேட்கிற சமயத்தில் மண் கொடுக்காது. 150 நாள் சம்பாவுக்கு அந்த அவசரம் இல்லை. நீங்கள் ஒரு போகம் சம்பாக்காரர் என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் நேரடி விதைப்பா, நடவா என்று எழுதவில்லை. புழுதியில் விதைத்து விடுகிறவர் என்றால் களைக்கொல்லி இல்லாமல் சமாளிக்க முடியாது. கோரையும் குதிரைவாலிப் புல்லும் பயிரை மூடிவிடும். பிரித்துக் களையெடுக்க ஆள் கிடையாது. இயற்கை என்று முடிவெடுத்தால் நடவுதான். முடிந்தால் கயிறு பிடித்துச் சதுர நடவு, அப்போதுதான் கோனோவீடர் (தள்ளிக் களையெடுக்கிற கருவி) ஓடும்.

பூச்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. புகையான் (பயிரின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி) பெரும்பாலும் யூரியாவை அள்ளிப் போட்டுக் கருகருவென்று வளர்த்த வயலைத்தான் தேடி வருகிறது. எதற்கெடுத்தாலும் மருந்து அடித்துச் சிலந்தியையும் தட்டானையும் கொன்ற வயலில் அது பல்கிப் பெருகும். இயற்கை வயலில் பயிர் வெளிர்ந்து நிற்பதால் பூச்சிக்கே அவ்வளவு ருசி இல்லை. இலைச் சுருட்டுப்புழுவும் குருத்துப்பூச்சியும் வரும், ஓரளவுக்கு மேல் போகாது. குலைநோய்தான் பயம், நோயைத் தடுக்கிற நுண்ணுயிரான சூடோமோனாஸை விதை நேர்த்தியிலேயே தொடங்கிவிடுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். கீழே உள்ளவை உங்கள் ஏக்கருக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலியை வைத்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

இப்போது 35 மூட்டை என்றால் 2,100 கிலோ. 2025 செப்டம்பரிலிருந்து சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. சிஆர் 1009 சாதாரண ரகம். ஆக வரவு 52,500. உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை எல்லாம் சேர்த்துச் செலவு 28,000 என்று வைத்துக்கொள்வோம். நிற்பது 24,500.

இந்த 28,000-ல் உரத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு என்று பாருங்கள். யூரியா 800, ஒரு மூட்டை டிஏபி 1,350, பொட்டாஷ் ஒன்றரை ஆயிரம் சொச்சம், களைக்கொல்லியும் மருந்துமாக இரண்டரை ஆயிரம். ஆறாயிரம் சொச்சம். அதாவது ரசாயனத்தை முழுசாக விட்டாலும் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சமாகும். உழவுக்காரரும் நடவுப் பெண்களும் அறுவடை மெஷினும் இயற்கை விவசாயி என்று கூலியைக் குறைக்கப் போவதில்லை. "செலவில்லா விவசாயம்" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அந்த ஆறாயிரமும் அப்படியே மிச்சமாகாது. தக்கைப்பூண்டு விதையும் மடக்கி உழுவதும் மூன்று ஆயிரத்துக்கு மேல், கூடுதலாக ஒரு கை களை மூன்றாயிரம். எருவும் புண்ணாக்கும் வீட்டிலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் செலவு 28,500-ல் வந்து நிற்கும். மகசூல் 20 சதவீதம் குறைந்தால் 1,680 கிலோ. கொள்முதல் விலையில் 42,000. நிற்பது 13,500. முன்பு நின்றதில் பாதி சொச்சம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பதர் பார்ப்பார்கள். எப்படி விளைந்தது என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

பழைய நிலைக்கு வர வேண்டுமென்றால் அந்த நெல் கிலோ 31 ரூபாய் 50 காசுக்குப் போக வேண்டும். 26 சதவீதம் கூடுதல். இருபது சதவீத விளைச்சல் குறைவுக்கு இருபது சதவீத விலை கூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செலவு மாறாமல் இருந்தாலே 25 வேண்டும். நூற்றை ஒன்றால் பெருக்குவதும் எண்பதை ஒன்றேகாலால் பெருக்குவதும் ஒன்று. 2015-ல் ஐந்து கண்டங்கள், 55 பயிர்கள், நாற்பது வருடக் கணக்கை அலசிய ஓர் ஆய்வு, இயற்கை விளைபொருளுக்கு 29 முதல் 32 சதவீதம் கூடுதல் விலை கிடைத்ததால் அந்த விவசாயிகளின் லாபம் 22 முதல் 35 சதவீதம் அதிகம் என்றது. அதே ஆய்வில், அந்தக் கூடுதல் விலையை எடுத்துவிட்டுப் பார்த்தால் நிகர வரவு 23 முதல் 27 சதவீதம் குறைவு. முதல் பாதியை மட்டும் எல்லாரும் பகிர்கிறார்கள்.

இதில் ஒரு அநியாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 266 ரூபாய் என்பது யூரியாவின் அசல் விலை இல்லை. அதைப் போலப் பல மடங்கை அரசு மானியமாகக் கட்டுகிறது. உர மானியம் மொத்தமாக வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தக்கைப்பூண்டு மடக்கி உழுகிறவர் அதே தழைச்சத்துக்குத் தன் கைக்காசைப் போடுகிறார். பந்தயமே சமதரையில் நடக்கவில்லை. அதற்காக ஒரே நாளில் உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியும் பயனில்லை. அந்தப் பெரும்போக நெல் முந்தைய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. எரு இல்லை, பசுந்தாள் விதை இல்லை, மண் பழகவில்லை. நாடாக இருந்தாலும் ஐந்து ஏக்கராக இருந்தாலும் அந்தக் கணக்கு ஒன்றுதான்.

அப்படியானால் இயற்கையில் செய்கிறவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? ரகத்தை மாற்றியும், நெல்லாக விற்காமலும்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டு விதையாக ஊருக்குக் கொடுத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். இன்று கருப்புக் கவுனி, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சிஆர் 1009 அரிசியை இயற்கை என்று சொல்லி 80 ரூபாய்க்கு விற்க முடியாது. மாப்பிள்ளைச் சம்பாவை விற்கலாம்.

அந்தக் கணக்கு இப்படி. மாப்பிள்ளைச் சம்பா ஏக்கருக்கு 20 மூட்டை, 1,200 கிலோ. செலவு கொஞ்சம் குறைந்து 27,000. உங்களுக்கு இப்போது நிற்கிற 24,500 நிற்க வேண்டுமானால் நெல் கிலோ 43 ரூபாய்க்குப் போக வேண்டும். வியாபாரி அதைத் தருவாரா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். மூன்று ஊரில் ஒரே ரகத்தைப் போட்டுவிட்டால் படுத்துவிடும். அரிசியாக்கினால் நூற்றுக்கு அறுபது என்று 720 கிலோ. அவியல், அரவை, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் ஆறாயிரம் என்றால், கிலோ 80 ரூபாய்க்கு விற்றால் பழைய லாபம். 90-க்கு விற்றால் ஏக்கருக்கு ஏழாயிரம் கூட. நகரத்துக் கடைகளில் நூறைத் தாண்டி விற்கிறார்கள்தான். அந்த விலை உங்களுடையது இல்லை, கடைக்காரருடையது.

ஐந்து ஏக்கருக்கு 3,600 கிலோ அரிசி. மாதம் பத்து கிலோ சாப்பிடுகிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 120 கிலோ. முப்பது குடும்பம் வேண்டும். திருச்சியிலோ சென்னையிலோ, வருடம் முழுக்க உங்களிடமே வாங்குகிற, காசை மாதா மாதம் கொடுக்கிற முப்பது குடும்பம். வயலில் என்ன செய்வது என்பதைவிட இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நான் முதலில் யோசிக்கவில்லை. இரண்டாம் வருடம் வந்த அரிசியில் பாதியை ஓர் இயற்கை அங்காடிக்குக் கடனில் கொடுத்தேன். எட்டு மாதம் நடையாய் நடந்து தவணை தவணையாக வாங்கினேன். மீதிப் பாதியைக் குதிரில் வைத்திருந்தேன், சித்திரை வெயிலுக்கு வண்டு வைத்துவிட்டது. தீட்டாத அரிசி அப்படித்தான். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளாக நாளாகச் சிக்கு வாடையும் வரும். இப்போதெல்லாம் நெல்லாகவே வைத்திருந்து, சொல்லிவைத்த அளவுக்கு மாதம் ஒருமுறை அரைக்கிறேன். அதற்கும் மில் கிடைக்க வேண்டும். பெரிய நவீன ஆலைக்காரர் பத்து மூட்டைக்கு மெஷினைத் திறக்க மாட்டார். சிறு அரவை மில் பக்கத்தில் எங்கே என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அறுவடையிலும் ஒரு தொல்லை இருக்கிறது. உயர ரகத்தை மெஷின் அறுப்பதற்கு நேரம் பிடிக்கும், வாடகை மணிக்கணக்கு. சாய்ந்துவிட்டால் இன்னும் மோசம். 2021 பொங்கல் சமயத்தில் டெல்டா முழுக்க அடித்த மழையில் என் நாலு மா மாப்பிள்ளைச் சம்பாவும் தரையோடு படுத்து, கதிரிலேயே முளை விட்டது. பக்கத்து வயல்களுக்கும் சேதம்தான், ஆனால் என் வயலில் மெஷின் இறங்கியும் அள்ள முடியாமல் பாதியைக் கையால் அறுத்தோம். நிமிர்ந்து நிற்பதில் தூயமல்லி பரவாயில்லை. சீரகச் சம்பாவும் சாயும், ஆனால் விலை உண்டு. இன்னொன்று, மெஷின் உங்கள் வயலுக்கு வருவதற்கு முன் வேறு வயலில் அறுத்திருக்கும். அதன் வயிற்றில் கிடக்கிற நெல் உங்கள் நெல்லோடு கலக்கும். முதலில் கொட்டுகிற ஒன்றிரண்டு மூட்டையைத் தனியாக வைத்துவிடுங்கள், விதைக்கு அதிலிருந்து எடுக்கவே கூடாது.

சான்றிதழ் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நேரடியாக வீடுகளுக்கு விற்கிற சிறு விவசாயிக்கு, வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால், உணவுப் பாதுகாப்பு விதிகளில் விலக்கு இருக்கிறது. கடைக்கோ வியாபாரிக்கோ இயற்கை என்ற முத்திரையோடு கொடுக்க வேண்டுமானால் சான்று வேண்டும். ஏற்றுமதி வரை போகும் மூன்றாம் தரப்புச் சான்றைக் கோவையில் உள்ள மாநில அங்ககச் சான்றளிப்புத் துறை தருகிறது. உள்ளூர் விற்பனைக்கு, ஐந்து பேருக்குக் குறையாமல் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கிற பங்கேற்புச் சான்று போதும். எதுவானாலும் மாறுகால வருடங்கள் உண்டு. அந்தச் சமயத்தில் மகசூல் அடிமட்டத்தில் இருக்கும், முழு முத்திரையும் கிடைக்காது. பலர் கைவிடுவது அந்த வருடங்களில்தான். வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிற கடைமடை நிலம் என்றால் மேல் வயல்காரர் போட்ட உரமும் மருந்தும் உங்கள் வயல் வழியாகத்தான் வடியும். வாய்க்கால் மடை தனியாக உள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

என் தனிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று. இரண்டு பக்கமும் திட்டுவார்கள், பரவாயில்லை. கொள்முதல் நிலையத்துக்குத்தான் நெல் போகப் போகிறது என்றால் நல்லது நடுவழிதான். தக்கைப்பூண்டு மடக்கி உழுது, யூரியாவைப் பாதியாகக் குறைத்து, அதையும் இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டு உரம் வேண்டுமா என்று காட்டுவது) பார்த்து மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போட்டு, மருந்தைக் கண்ணால் பூச்சியைப் பார்த்த பிறகு மட்டும் அடித்தால், 35 மூட்டை குறையாமல் மண்ணும் தேறும். போடுகிற யூரியாவில் பயிர் எடுப்பது பாதிகூட இல்லை, மீதி காற்றிலும் வடிகாலிலும் போகிறது. நான் மீதி நிலத்தில் அப்படித்தான் செய்கிறேன். இதற்கு முத்திரையும் கிடையாது, மாலை மரியாதையும் கிடையாது.

இந்த வருடம் ஐந்து ஏக்கரையும் தொடாதீர்கள். அப்பாவிடம் மூன்று மா மட்டும் கேளுங்கள். ஒரு மாவில் அதே சிஆர் 1009-ஐ இயற்கையில், ஒரு மாவில் தூயமல்லி இயற்கையில், ஒரு மா வழக்கம்போல் உரத்தில். மூன்றையும் ஒரே வாரத்தில் நடுங்கள். உங்கள் வீட்டு ஆள் உழைப்பையும் கூலியாக எழுதி ஒரு நோட்டில் வரவு செலவு வையுங்கள். அறுக்கும்போது மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். தூயமல்லி ஒரு மாவுக்கு நானூறு கிலோ நெல் வந்தால் 240 கிலோ அரிசி. அதாவது இரண்டு குடும்பம். அந்த இரண்டு வீட்டை நடவுக்கு முன்னாலேயே பிடித்து வைத்துவிடுங்கள். தக்கைப்பூண்டு விதையை வைகாசி பிறக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஜூன் வந்தால் எல்லாருக்கும் வேண்டியிருக்கும், விலையும் ஏறிவிடும்.